ஏணி ஏற ஆள் உண்டு

தம்பி,

நேற்றுக் காலையில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ ஒரு வார்த்தை சொன்னாய். "வேலையை விட்டுடறேம்மா. வெளிநாட்டுக்குப் போகல. அப்பா நாற்காலியில நானே உக்காந்துக்கறேன்" என்றாய். நான் தோசையைத் திருப்பினேன், கருகியிருந்தது. அதையும் நீ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போனாய். என்னிடம் பதில் இருந்தது. வாயால் சொன்னால் நீ என்னை ஜெயித்துவிடுவாய், பேசுவதுதானே உனக்கு வேலை. அதனால்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் புகுந்து "அப்படி இல்லம்மா" என்று உன்னால் சொல்ல முடியாது பார். தொடக்கப்பள்ளியோடு நின்றவள் கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன் சித்தப்பாவும் இதைப் படிக்கட்டும், சொந்தக்காரர் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவிலிருந்து முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் எனக்குப் பூவும் வாங்கி வந்தார். "பூவை எடுத்து உள்ள வை, வாடிடும்" என்றார். பேப்பரை விரித்து உட்கார்ந்தவர், நான் காப்பி கொண்டு வரும்போது இல்லை. பூவைப் பற்றிச் சொன்னதுதான் அவர் பேசின கடைசிப் பேச்சு. அந்தப் பூவை நான் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்களில் யாரோ சமையலறைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், யார் என்று நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் சிராங்கூன் சாலைப் பூக்கடையைத் தாண்டும்போதெல்லாம் கடைக்காரர் கை என்னைப் பார்த்ததும் பூக்கூடைக்குப் போகும், பிறகு பாதியில் நின்றுவிடும். பாவம், அவர் என்ன செய்வார். போன வாரம் நானே நின்று, "அரை முழம் குடுங்க, சாமிக்கு" என்றேன். அவர் ஒரு முழமாக அளந்து கொடுத்தார். நான் அழுகிறேன்தான் தம்பி, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். குளிக்கும்போது அழுகிறேன், ரசத்துக்குத் தாளிக்கும்போது அழுகிறேன். ஆனால் அது என் வேலை. நீ பக்கத்தில் இருந்தாலும் அந்த வேலையை எனக்குப் பதிலாக நீ செய்ய முடியாது.

உன் சித்தப்பா என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். "அண்ணன் கட்டின கோட்டை, அதுக்கு ஒரே வாரிசு, அவன் எங்கேயோ போய் அடுத்தவனுக்குக் கை குடுத்துக்கிட்டு நிக்கிறான்" என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் மேல் உயிர். ஜூரோங் கப்பல் பட்டறையில் உன் அப்பா வெல்டிங் வேலை பார்த்த காலத்தில் கிளமெண்டி வீட்டில் எங்களோடு ஒரே அறையில் படுத்தவர் அவர். பிறகு துவாஸில் சொந்தமாக ஒரு கொட்டகை, அதற்குப் பிறகு பெரிய தொழிற்சாலை, பிறகு இந்தத் தனி வீடு, வாசலில் இரண்டு கார். இதெல்லாம் வரும்போது நீ சின்னப் பிள்ளை. உனக்கு வசதி பழகிவிடும் என்று நான் பயந்தேன். நீ நேர்மாறாகப் போனாய், வசதியைப் பார்த்துக் கூச்சப்பட்டாய்.

தேசிய சேவையென்று ராணுவத்துக்குப் போன புதிதில் நீ செய்த கூத்து நினைவிருக்கிறதா? கூட இருந்த பிள்ளைகளிடம் "எங்கப்பா லாரி ஓட்டுறார்" என்று சொல்லிவிட்டாய். வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொன்னாய், முகமெல்லாம் வேர்த்துப்போய். நான் திட்ட வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்த சனிக்கிழமை காரை விட்டுவிட்டுப் பட்டறை லாரியை எடுத்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனார். அதற்கப்புறம் உன் சேவை முடிகிற வரைக்கும் லாரிதான். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, தோளில் துண்டு. அவருக்கு அதில் அத்தனை சந்தோஷம்! ஒருநாள் உன் கூட்டாளி ஒருத்தன், "அங்கிள், எங்க மாமாவுக்கும் உங்க கம்பெனில டிரைவர் வேலை கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டான். உன் அப்பா கொஞ்சமும் அசராமல், "முதலாளி ஒரு மாதிரி ஆளுப்பா. நேரம் பாத்துக் கேட்டுச் சொல்றேன்" என்றார். அந்த மாமா இன்றைக்கும் நம்மிடம்தான் லாரி ஓட்டுகிறார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா உன்னிடம் சொன்னது ஒன்று உண்டு. "இருக்கறத காட்டிக்கவும் வேணாம், மறைக்கவும் வேணாம். ரெண்டுக்கும் பாடு ஒண்ணுதான்." போகிற ஊரில் இதை மறக்காதே. அங்கே உன்னைவிடப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து படித்து வந்தவர்களும் வருவார்கள். இருவரிடமும் ஒரே குரலில் பேசு.

வெளியுறவு அமைச்சில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன அன்றும் சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அங்க போயி என்ன செய்வ?"

"பேசுவேன்ப்பா. ரெண்டு நாட்டுக்கு நடுவுல பேச்சு அறுந்து போகாம பாத்துக்கணும்."

"பேசறதுக்கா சம்பளம்? அப்படின்னா அரசாங்கம் உங்கம்மாவுக்குப் பென்ஷனே குடுத்திருக்கணுமே."

நீ சிரித்தாய், நான் முறைத்தேன், அத்தோடு முடிந்தது. ஆனால் என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது. நீ நேர்முகத் தேர்வுக்குப் போன அன்றைக்குக் காலையில் நான் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், வேலை கிடைக்கக் கூடாது என்று. ஐயர் "என்ன வேண்டுதல்மா?" என்று கேட்டார். அதை எப்படி வெளியில் சொல்வது? வாய் குழறி, "பிள்ளைக்கு எது நல்லதோ அது" என்றேன். சாமி நான் மனசில் நினைத்ததை விட்டுவிட்டு வாயால் சொன்னதைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாமியோடு பேசவில்லை. இப்போது சமாதானம்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் பட்டறையில் என்ன செய்கிறோம் என்று வெளியார் கேட்டால் நான் ஏணி என்றுதான் சொல்வேன். கப்பலின் பக்கவாட்டில் சாய்த்து இறக்குவார்களே, ஆட்கள் ஏறி இறங்க, கைப்பிடியும் படியும் வைத்த நீள நடை ஏணி. சோதனைக்கு அதன் மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள், பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சட்டம் அதோடு முடிந்தது. உன் அப்பாவுக்கு மட்டும் அதோடு முடியாது. ஒவ்வொரு ஏணியும் லாரியில் ஏறும் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் அதில் ஏறுவார். நடுவில் நின்று ஒரு குதி குதிப்பார். மேலே போய்த் திரும்பி இறங்குவார். "நான் ஏறாத ஏணியில ஊரான் வீட்டுப் பிள்ளை ஏறக் கூடாது" என்பார். காய்ச்சலோடு போய் ஏறின நாளும் உண்டு. அதனால் அவர் போனபிறகு முதல் ஏணி தயாரானபோது என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். நீயும்தானே இருந்தாய். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள்தான். போர்மேன் ஆ ஹோக் எனக்குப் போன் செய்தார். "அம்மா, கம் லா. ஏணி ரெடி. யாரும் லாரியில ஏத்த மாட்றாங்க." நீ, நான், உன் சித்தப்பா மூவரும் போனோம். பட்டறை முற்றத்தில் ஏணி சாய்ந்து நின்றது, வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளவென்று. சுற்றி நம் ஆட்கள் கை கட்டி நின்றார்கள். புதுக்கோட்டைப் பையன்கள், பங்களாதேஷ் பையன்கள், சீனர்கள் எல்லோரும். நீ ஆ ஹோக்கிடம் ஆங்கிலத்தில் கேட்டாய், அவர் தலையைச் சொறிந்தார். "பேப்பர் எல்லாம் ஓகே. பட் தவுக்கே இன்னும் ஏறல" என்றார். முதலாளியை அவர் தவுக்கே என்றுதான் சொல்வார். செத்துப்போனவரை, சாப்பிடப் போய் இன்னும் திரும்பி வராதவரைப் போலச் சொன்னார். கப்பல் வேறு காத்துக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நீ ஏறியிருந்தால் அந்த நிமிஷமே நீ முதலாளி. சித்தப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்தார், "ஏறுடா, ஏறு" என்று முதுகில் தட்டினார். நீ என் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு அடுத்தது அம்மாதானே. அம்மா ஏறட்டும்" என்றாய். சித்தப்பா முகம் மாறிவிட்டது. "டேய், அண்ணி இப்ப... இந்த நேரத்துல... முதல் முதலா வெளிய போற சாமான்..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. முடிக்காவிட்டால் என்ன, எனக்குப் புரியாதா? பூ இல்லாத தலையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். என் கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. அப்பா இருந்து வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் கூரை பறக்கக் கத்தியிருப்பார். நான் தனியாக இருந்திருந்தால் அழுதுகொண்டே காரில் ஏறியிருப்பேன். நீ கத்தவும் இல்லை, வாதாடவும் இல்லை. சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டாய்.

"நீங்க சொல்றதும் சரிதான் சித்தப்பா. அப்பாவுக்கு அப்புறம் பெரியவர் நீங்கதான். நீங்களே முதல்ல ஏறுங்க. நடுவுல நின்னு ஒரு குதி மட்டும் குதிச்சுடுங்க. அம்மா உங்க பின்னாடியே வரட்டும்."

சித்தப்பா ஏணியை அண்ணாந்து பார்த்தார். தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார். மறுபடி ஏணியைப் பார்த்தார். "குதிக்கணுமா?" என்றார்.

"அப்பா வழக்கம் சித்தப்பா. விட முடியுமா?"

"முட்டி... டாக்டரு படி ஏறக் கூடாதுன்னு..." என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணி, யோசிச்சுப் பாத்தா நீங்க ஏறுறதுதான் முறை. அண்ணனும் அதைத்தான் விரும்புவாரு. நீங்க ஏறுங்க, நான் கீழ நின்னு கெட்டியாப் புடிச்சுக்கறேன்."

ஆ ஹோக் சும்மா இருப்பாரா? "பாஸ், யூ டோன்ட் டச் லா. நீங்க புடிச்சா ஏணி பயந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அதைக் கவனித்தேன் தம்பி. அவரை யாரும் தோற்கடிக்கவில்லை. அவரே தன் வாயால் என்னை ஏறச் சொன்னார், அவருக்கும் அது கௌரவமாக இருந்தது. பிடிவாதமாக நிற்கிற ஒரு மனுஷன் மானம் போகாமல் இறங்கி வர நீ வழி வைத்துக் கொடுத்தாய். இதைத்தானே அமைச்சில் உனக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள்? அன்றைக்குத்தான் உன் வேலை என்ன என்று எனக்குப் புரிந்தது. உன் அப்பாவுக்கும் புரிந்திருக்கும், இருந்திருந்தால்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன். இரும்பு கதகதப்பாக இருந்தது. நடுவுக்குப் போனதும் ஏணி லேசாக ஊஞ்சல் மாதிரி அசைந்தது, அது அப்படித்தான் அசையும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு குதி குதித்தேன். என்ன பெரிய குதி, கோழி குதிக்கிற மாதிரி! கீழே பையன்கள் விசில் அடித்தார்கள். மேலே ஏறும்போது கைப்பிடியில் ஒரு இடத்தில் உள்ளங்கையைக் கீறியது. "இங்க பிசிறு இருக்கு, தேய்ச்சு விடுங்க" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் ஜூரோங்கில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து உட்கார்ந்து பிசிறு தேடின கை இது, இத்தனை வருஷம் சும்மா கிடந்தது. ஒரு பையன் இயந்திரத்தோடு ஓடி வந்தான். மேலே நின்று பார்த்தால் கூரைகளுக்கு அந்தப் பக்கம் கடல், பாரந்தூக்கிகள், வரிசையாகக் கப்பல்கள். அவர் இத்தனை வருஷம் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அவர் போனபிறகு அன்று மத்தியானம்தான் நான் பசித்துச் சாப்பிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், நீ போ. நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்று யார் சொன்னது? கணக்குக்கு ஆள் இருக்கிறார். பொறியாளர் பெண் தங்கமானவள், படித்துக் காட்டி, புரியும்வரை சொல்லிவிட்டுத்தான் என்னிடம் கையெழுத்து வாங்குகிறாள். ஆ ஹோக்கோடு நான் பேசுவது கொஞ்சம் மலாய், கொஞ்சம் அவருடைய அரைகுறைத் தமிழ், மீதி கைச்சாடை. இதுவரைக்கும் ஒரு கப்பலும் முழுகவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாததைக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை, அது போதும். நீ உட்கார்ந்தால் கெடுத்துவிடமாட்டாய். ஆனால் கோபப்படத் தெரியாத முதலாளியாக, ஜன்னல் வழியே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதை நான் தினமும் பார்க்க வேண்டுமா? "உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா" என்றும் சொன்னாய். என்னைச் சாக்காக வைக்காதே. அம்மாவுக்காக வேலையை விட்டேன் என்று நாளைக்கு உன் பிள்ளையிடம் சொல்வாய், அந்தப் பிள்ளை என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கும். எனக்கு வேண்டாம்.

போகிற ஊர் பெயர் என் வாயில் நுழையவில்லை. குளிர் ஊர் என்று மட்டும் தெரியும். தலையில் எண்ணெய் வைத்துக்கொள். யார் வீட்டில் சாப்பிட்டாலும் அவர்கள் முதலில் வைத்ததை முதலில் சாப்பிடு, முகத்தைச் சுளிக்காதே. நேற்று என் கருகிய தோசையைச் சாப்பிட்டாயே, அந்த மாதிரி. எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அவசரப்பட்டு நீ பேசி நிரப்பாதே, சில பேருக்கு வார்த்தை வர நேரம் ஆகும். நானே ஒரு பதிலுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளவில்லையா? பெரிய மேசைகளில் உட்கார்ந்து நீ பேசி முடிக்கிற எதுவானாலும், அதன் மேல் முதலில் நீ வெறுங்காலோடு நடந்து பார். உனக்குக் குத்தினால் ஊரான் பிள்ளைக்கும் குத்தும். அப்பா சொத்தில் உன் பங்கு எது என்று சித்தப்பா கேட்டால் இதுதான் என்று சொல்லு.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. நீ கிளம்புகிற அன்றைக்கு நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன். அன்று காலையில் நம் ஏணி ஒன்று கப்பலுக்குப் போகிறது, அதற்கு முன்னால் நான் அதில் ஏற வேண்டும். தேதி முன்பே குறித்தது, மாற்ற முடியாது. உன்னைக் கொண்டு விடச் சித்தப்பாவிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். "என்ன அண்ணி, நான் சொல்றது ஒண்ணு, நீங்க செய்யறது ஒண்ணு! அவன் போகவே கூடாதுங்கறேன், என்னையே கொண்டு விடச் சொல்றீங்க?" என்று எகிறினார். நான் கத்தவில்லை. நீ செய்தது போலவே மெதுவாகச் சொன்னேன்.

"நீங்க சொல்றதும் சரிதான். அப்ப நான் பிள்ளையோட போறேன். அன்னிக்கு ஏணியில எனக்குப் பதிலா நீங்க ஏறிடுங்க. ஒரு குதி, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. நானும் பேசி நிரப்பவில்லை.

"எத்தனை மணிக்கு விமானம் அண்ணி?" என்றார்.

அம்மா